உன் பெயரில் நான் கொடுத்த கடவுச்சொல்

இன்று காலை கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் என் கைபேசியின் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். புதிய ஸ்டிக்கர் கட்டு ஒன்றைப் பிரித்திருந்தார். பிரித்ததும் வரும் அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் வரிசையில் நெருக்கினார்கள். "மேடம், போங்க மேடம்" என்றார் அவர். நான் ஓரமாக நகர்ந்து, பஞ்ச் அடிக்கும் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அந்த ஸ்டிக்கர் உன்னுடைய யோசனை. அதற்கு முன்னால் கேமரா மேல் செலோ டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே போனதும் உரிப்பார்கள், வெளியே வரும்போது அதையே ஒட்டிக்கொள்வார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் கடை கடையாக ஏறி, உரித்தால் கிழிந்துபோகும் ஒரு ஸ்டிக்கரைக் கண்டுபிடித்து வந்தாய். திங்கட்கிழமை பஸ்ஸில் என் கையில் வைத்து, "இதுதான்டி வேணும். உரிச்சா, உரிச்சது தெரியும்" என்றாய்.

அதை நான், பாதுகாப்புச் சான்றிதழுக்காகச் சோதிக்க வந்த ஆடிட்டரிடம் என் யோசனை என்று சொன்னேன். உனக்கு அது தெரியாது. இந்த மடலில் நான் சொல்லப்போவதில் மிகச் சின்னது அதுதான். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேர்வாய் கண்டிகையில் அப்போது பாதிக் கட்டடங்கள் எழும்பவே இல்லை. காருக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற நம் கம்பெனியைச் சுற்றி வெறும் பொட்டல். எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவு. உனக்கு டிராயிங் ரூம். வாடிக்கையாளர் அனுப்புகிற வரைபடங்கள் எல்லாம் உன் பொறுப்பு. எந்தப் பாகத்துக்கு எது கடைசித் திருத்தம், அதை யார் பார்க்கலாம், யார் பிரதி எடுக்கலாம் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். நீ பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பொன்னேரி வருவாய். நான் பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணிக்கு உள்ளே இருக்கிற எங்கள் கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடி வருவேன். கம்பெனி பஸ்ஸில் இடது பக்கம் மூன்றாவது சீட்டில் உன் பை எனக்காக உட்கார்ந்திருக்கும். கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் உன் டப்பாவில் இருக்கிற நாஷ்டாவில் பாதி என் வயிற்றில் இருக்கும்.

தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் புதிய ஆர்டர் கிடையாது என்று வாடிக்கையாளர் கம்பெனி சொன்னபோது, பிளாண்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். சென்னையில் ஐந்து நாள் பயிற்சி. தடியாக ஒரு ஃபைலோடு திரும்பி வந்தேன். கதவில் என் பெயருக்குக் கீழே 'தகவல் பாதுகாப்பு மேலாளர்' என்று பலகை மாட்டினார்கள். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நெல் விலையைக்கூட ஆண்கள் பெண்களிடம் கேட்டதில்லை. இங்கே ஐந்நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் நான் எழுதுகிற விதிக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விதிகளை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அதை ஆட்களுக்குப் புரியவைத்தது நீ. மெஷின் ஓட்டுகிறவர்கள் முன்னால் நின்றுகொண்டு, "உங்க ஊட்டுல பீரோ சாவி எத்தினி பேர் கையில இருக்கு? பக்கத்து ஊட்டுக்காரி கேட்டா குடுப்பியா? பாஸ்வேர்டும் அப்படித்தான்" என்று நீ பேசினாய். சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து யாரும் கடவுச்சொல்லை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டவில்லை. என் ஃபைல் செய்யாததை உன் பீரோ சாவி செய்தது.

அந்த விதியை முதலில் உடைத்தவள் நான்.

டிராயிங் மென்பொருளுக்கு நம்மிடம் இருந்த அனுமதி சில பேருக்குத்தான். பாகங்களை வார்க்கிற அச்சுகளைச் செய்யும் டூல் ரூமில், அச்சைச் சரிபார்க்க அடிக்கடி வரைபடம் தேவைப்பட்டது. அவர்களுக்குத் தனி லாகின் வாங்க வேண்டுமென்றால் மும்பையில் இருக்கும் தலைமை அலுவலகம் சம்மதிக்க வேண்டும். அதற்கு நான் ஒரு நீளமான படிவம் நிரப்பி, ஏன் முன்னாலேயே திட்டமிடவில்லை என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். டூல் ரூம் இன்ஜினியர் தினமும் என் கதவில் வந்து நின்றார். பிளாண்ட் ஹெட், "ஏதாவது பண்ணி குடுங்க மேடம், அச்சு நிக்குது" என்றார். உனக்கு நான் போட்டுக் கொடுத்திருந்த கடவுச்சொல்லோடு உன் லாகினை அந்த இன்ஜினியருக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். பார்க்க மட்டுமில்லை, இறக்கிக்கொள்ளவும் முடிகிற லாகின் அது. ஒரு வாரம் நான்கு மாதமாயிற்று.

ஒருநாள் நீ திறக்காத வரைபடங்கள் உன் பெயரில் திறக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தாய். கதவைச் சாத்தினாய்.

"இன்னாடி இது? பேரு என்னுது. கை யாருது?"

சொன்னேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீ எழுதின ரூல்டி. ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கினு திரியறேன்" என்று மட்டும் சொன்னாய்.

"ஆடிட் முடியட்டும். மாத்திடறேன்."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்ல."

அப்படித்தான் சொன்னேன். நான் இருக்கேன்ல.

நீ அதைக் கேட்டுப் போனாலும் எழுத்தில் வைக்க வேண்டியதை வைத்தாய். இரண்டு மெயில் அனுப்பினாய், மூன்று வார இடைவெளியில். உன் லாகினை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் அந்த நிமிடமே உனக்குத் தகவல் வர வேண்டும். இதுதான் இரண்டிலும் இருந்தது. பிளாண்ட் ஹெட்டுக்குக் காப்பி போட்டிருந்தால் ஒரே நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். நீ போடவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று போடவில்லை. முதல் மெயிலுக்கு "சரி, பார்க்கிறேன்" என்று ஒரு வரிதான் என் பதில். இரண்டாவதுக்கு அதுவும் இல்லை.

பிறகு பெருநாள் வந்தது. சனிக்கிழமை. உனக்கு லீவு. நானும் அரை நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். நீ பச்சைச் சேலை கட்டியிருந்தாய். உன் மாமி என் தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டே இருந்தார்கள். தால்ச்சாவில் எலும்பைத் தேடி எடுத்து நீ என் பக்கம் தள்ளினாய். நடுவில், "திங்கக்கிழமை ஆபீஸ்ல நமக்குள்ள ஒரு சண்ட இருக்கு. இன்னிக்கு சாப்புடு" என்று சிரித்தாய். என்ன சண்டை என்று கேட்டேன். "சாப்புடுடி முதல்ல" என்றாய்.

என் கைபேசி அடித்தது. டூல் ரூம் இன்ஜினியர்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே தெருவுக்கு வந்தேன். "மேடம், பாஸ்வேர்டு எடுக்கல. அந்தம்மா மாத்திட்டாங்க போல. அச்சு டிரையல் நிக்குது. இன்னிக்கு முடியலன்னா பிளாண்ட் ஹெட் உயிர எடுத்துடுவாரு" என்றார். அப்போதுதான் உன் சண்டை எது என்று புரிந்தது. கேட்டுக் கேட்டு அலுத்து, முந்தின நாள் நீயே உன் கதவைப் பூட்டியிருக்கிறாய்.

உள்ளே வந்து உன்னிடம் கேட்டிருக்கலாம். பத்தடி தூரம். அந்த டிரையல் அன்று நடக்கவே நடக்காது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நிமிடம் வந்தது கோபம். என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டாளே என்று. நான்தானே இங்கே மேலாளர் என்று. உன் வாசலில், உன் வீட்டுச் சாப்பாட்டு வாசனை கையில் இருக்க, கைபேசியிலேயே நிர்வாகிக் கணக்கைத் திறந்து உன் கடவுச்சொல்லை மாற்றி, புதியதை அவரிடம் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீ என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாய்.

திங்கட்கிழமை உன் லாகின் திறக்கவில்லை. நேராக என்னிடம் வந்தாய். "நீ மாத்தினியா?"

"சிஸ்டம் அப்டேட் ஆச்சு. நெறைய பேருக்கு ரீசெட் ஆயிருக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி, இனிமே அவுங்களுக்குத் தனியா குடு" என்றாய். பயந்துபோய் அந்த வாரமே படிவத்தை நிரப்பி, டூல் ரூமுக்குத் தனி லாகின் வாங்கிக் கொடுத்தேன். நான்கு மாதமாக முடியாதது நான்கு நாளில் முடிந்தது. உன் சண்டையை நீ போடவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. இன்னும் சந்தைக்கு வராத ஒரு காரின் வரைபடங்கள் வெளியில் அச்சு செய்கிற வேறொரு பட்டறையில் இருப்பதாகவும், அவற்றில் நம் கம்பெனியின் அடையாள எண் இருப்பதாகவும். விசாரணை செய்து அறிக்கை தர வேண்டியவள் நான். பதிவுகளைத் திறந்தேன். பெருநாள் அன்று மதியம், டூல் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து, உன் லாகினில், அந்தக் காரின் வரைபடங்கள் மொத்தமும் இறக்கப்பட்டிருந்தன. அதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் இன்னொரு பதிவு: கடவுச்சொல் மாற்றம், என் பெயரில்.

இரண்டு வரிகளும் ஒரே திரையில் இருந்தன. அறிக்கையில் ஒரு வரியைத்தான் வைத்தேன்.

பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'இன்ன பயனரின் லாகின் மூலம் பதிவிறக்கம் நடந்துள்ளது.' அது உண்மைதானே. டூல் ரூம் கம்ப்யூட்டரில் எட்டுப் பேர் உட்கார்வார்கள். யார் என்று நிரூபிக்க முடியாது. லாகின் யாருடையது என்பது மட்டும் நிரூபணம்.

விசாரணை அறையில் நாம் நான்கு பேர். பிளாண்ட் ஹெட், எச்.ஆர். மேடம், நீ, நான். நீ என் எதிரில் உட்கார்ந்தாய். கறுப்புப் பேனா ஒன்றை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாய்.

"அன்னிக்கு நீங்க லீவு. டூல் ரூம்ல யாருக்குப் பாஸ்வேர்டு குடுத்தீங்க?" என்று பிளாண்ட் ஹெட் கேட்டார்.

"யாருக்கும் குடுக்கல சார். பெருநாளுக்கு முந்தின நாள்தான் மாத்துனேன். திங்கக்கிழமை வந்தா அது வேல செய்யல. ஐ.டி.ல கேட்டேன். அவுங்களுக்குத் தெரியும்."

'அவள்' என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. 'அவுங்களுக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பஸ்ஸில் நான் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டு சீட்டில் இருந்து பையை எடுப்பாயே, அதே பார்வை. நான் வந்து உட்கார்வேன் என்று நம்புகிற பார்வை.

பிளாண்ட் ஹெட் என் பக்கம் திரும்பினார். "இன்னா மேடம்?"

"பாஸ்வேர்டுக்கு யூசர்தான் பொறுப்பு சார். பாலிசில அப்படித்தான் இருக்கு."

அந்தப் பாலிசியை எழுதினவள் நான். நீ பேனாவை மேசையில் வைத்துவிட்டாய். 

பத்து நாளில் முடித்துவிட்டார்கள். நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றார்கள். கடைசி நாள் உன் பையை செக்யூரிட்டி பிரித்துப் பார்த்தார். ஒரு காகிதம்கூட இல்லை. அந்த இரண்டு மெயிலையாவது அச்செடுத்து வைத்திருப்பாய் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீ எடுக்கவில்லை. கம்பெனித் தகவலை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எனக்கு வந்த பிரதிகளை நான் அழித்திருந்தேன்; உன்னைக் காப்பாற்றக்கூடிய அந்த இரண்டு மெயிலும் சர்வரில் உன் பெட்டியில் மட்டும் இருந்தன. அவற்றைத் திறக்க என்னால்தான் முடியும். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

வேலையை விட்டவர்களின் மெயில் பெட்டியை மூன்று மாதத்தில் அழிக்க வேண்டும் என்பதும் நான் எழுதின விதிதான். மூன்று மாதம் முடிந்ததும் உன் பெயர் போட்ட கோரிக்கை ஒன்று என் திரையில் வந்தது. சம்மதம், நிராகரிப்பு என்று இரண்டு பொத்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனேன். வந்து, சம்மதம் என்பதை அழுத்தினேன்.

அதோடும் முடியவில்லை. கொஞ்ச நாளில் அந்த டூல் ரூம் இன்ஜினியர் வேலையை விட்டுப் போய், அதே அச்சுப் பட்டறையில் சேர்ந்தது தெரிந்தது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எடுத்துப் போனவர் யார் என்று. நீ விடுபடுவாய் என்று நினைத்தேன். நடந்தது வேறு. "அப்போ அந்தம்மா இவனுக்குத்தான் பாஸ்வேர்டு குடுத்திருக்கு. எதுக்குக் குடுத்துச்சாம்?" என்று கேன்டீனில் கேட்டுச் சிரித்தார்கள். உன்னையும் அவரையும் சேர்த்துப் பேசினார்கள். பக்கத்து மேசையில் நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுதும் சாப்பிட்டேன்.

சிப்காட்டில் நீ வேலை கேட்டுப் போன இடமெல்லாம் பழைய கம்பெனிக்கு ஃபோன் அடித்தார்கள். கடைசியில் காக்களூரில், யாரையும் எதுவும் விசாரிக்காத ஒரு சின்னப் பட்டறையில் பில் போடுகிற வேலை உனக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் பேசின் பிரிட்ஜ், ரயில் மாறித் திருவள்ளூர், பிறகு ஷேர் ஆட்டோ. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

உன்னைத் திரும்பப் பார்த்தது ஒரே ஒரு முறை. சென்னையில் ஒரு கூட்டத்துக்காக நான் பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். பெண்கள் பெட்டி நிற்கிற இடத்தில் நீ நின்றிருந்தாய். இளைத்திருந்தாய். ஒளிந்துகொள்ளத் தூண் தேடினேன். அதற்குள் நீ கையசைத்துவிட்டாய்.

"நல்லா கீறியா? உன் பொண்ணு பிளஸ் டூ இன்னா ஆச்சு?"

சொன்னேன். உன் மகள் பொன்னேரியில் பி.காம். சேர்ந்திருப்பதைச் சொன்னாய். வெயில், ரயில் தாமதம், மாமிக்கு மூட்டு வலி என்று ஏதேதோ பேசினோம். ரயில் தூரத்தில் தெரிந்தது. நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாய்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. பெருநாள் அன்னிக்குச் சாப்புட்டுக்கினு இருக்கும்போது வெளிய போய் ஃபோன் பேசினியே. யாருடி?"

அங்கே பிளாண்ட் ஹெட் இல்லை. எச்.ஆர். இல்லை. எழுதி வைக்க யாரும் இல்லை. நீயும் நானும் மட்டும். வேலை போய்விடும் என்ற பயம்கூட அந்த நேரத்துக்குப் பொருந்தாது.

"ஊட்லேர்ந்து" என்றேன்.

தலையை ஆட்டினாய். "சரி, வரேன்" என்று பெண்கள் பெட்டியில் ஏறினாய். நான் அடுத்த ரயிலுக்கு நின்றேன்.

ஆறு வாரம் கழித்து, நம் பழைய பஸ் குரூப்பில் யாரோ தகவல் போட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது பேசின் பிரிட்ஜ் படிக்கட்டில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டாய் என்று. மாரடைப்பு. எங்கே இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக உன் வீட்டில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நீ இருந்தது அந்தப் படிக்கட்டில். நம் கம்பெனி பஸ்ஸின் மூன்றாவது சீட்டில் இல்லை.

மையத்தாகக் கிடத்தியிருந்த உன் உடலைப் பார்க்க வந்தேன். பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். "ஒண்ணா வேல செஞ்சவங்க, ரொம்ப வேண்டியவங்க" என்று உன் மாமி பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

இருபது நாள் ஓடியது. ஒருநாள் காலை பிளாண்ட் ஹெட் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் லாகினைக் கொடுத்தது, பெருநாள் அன்று மாற்றியது, அறிக்கையில் மறைத்தது, மெயில்களை அழித்தது. எழுதியும் கொடுத்தேன். ராஜினாமாக் கடிதத்தையும் கூடவே வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போ எதுக்கு மேடம் இது? அந்தம்மாவே இல்ல."

"அதுக்காகத்தான் சார்."

"அடுத்த மாசம் சான்றிதழ் புதுப்பிக்கணும். நீங்க போனா யாரு உக்காருவா? அந்த அறிக்க தப்புன்னு சொன்னா வாடிக்கையாளர் நம்மள விட்டுவெப்பானா? ஐந்நூறு குடும்பம் மேடம்." ராஜினாமாவை மடித்து என் பக்கம் தள்ளினார். ஒரு வாரத்தில் எனக்கு ஒரு மெமோ வந்தது. 'எதிர்காலத்தில் உரிய கவனத்துடன் செயல்படவும்.' அவ்வளவுதான். செய்யாத தப்புக்கு உன்னைப் பத்து நாளில் அனுப்பினவர்கள், செய்த தப்புக்கு என்னைக் கவனமாக இருக்கச் சொன்னார்கள். ராஜினாமாவை நான் திரும்ப நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் என்று காரணங்கள் தயாராக இருந்தன. காரணம் தேடுவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

அந்த மெயில்களில் நீ கேட்டதில் இரண்டாவதை மட்டும் விதியாக்கினேன். இப்போது நம் கம்பெனியில் யாருடைய கடவுச்சொல்லை யார் மாற்றினாலும், அந்த நிமிடமே மாற்றியவர் பெயரோடு உரியவருக்குத் தகவல் போகும். ஆடிட்டர் பாராட்டினார். யாருடைய யோசனை என்று கேட்டார். இந்த முறை உன் பெயரைச் சொன்னேன். அவர் குறிப்பில் எழுதிக்கொண்டு, "அவங்க எந்தப் பிரிவு?" என்றார். "இப்ப இல்லை" என்றேன். வேறு கம்பெனிக்குப் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிளாண்ட் ஹெட்டுக்கு எழுதிக் கொடுத்ததன் பிரதியை எடுத்துக்கொண்டு பழவேற்காடு வந்தேன். கம்பெனிக் காகிதத்தை வெளியே கொண்டுபோனது அதுதான் முதல் முறை. உன் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். மாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். உன் மகள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தில் அப்படியே நீ.  காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். முடித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஸ்டேஷன்ல உங்களப் பாத்துட்டு வந்தாங்கல்ல, அன்னிக்கு ராத்திரி சொன்னாங்க. 'அவதான் மாத்திருக்கா. நேருக்கு நேரா கேட்டேன். பொய் சொல்லிட்டா. இன்னும் பயந்துகினு கீறா, பாவம்' அப்டின்னாங்க."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அம்மா உங்க மேல கோவப்படல. ஏன்னு எனக்குத் தெரியல. ஊர்ல, உங்க கம்பெனில, அவுங்களப் பத்தி இன்னா பேசினாங்கன்னு எங்க வாப்பா காதுக்கும் வந்துச்சு. அவரு ஒரு நாளும் அம்மாவ ஒரு வார்த்த கேட்கல. ஆனா கேட்கலன்றதே அம்மாவுக்குப் பேஜாரா இருந்துச்சு. நீங்க அப்போ ஒரு தடவ வந்து வாப்பாகிட்ட சொல்லிருந்தா போதும். வேலகூட வேணாம்." மடித்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இந்தப் பேப்பர வாப்பாவுக்குக் காட்டறேன். கொண்டாந்ததுக்குத் தேங்க்ஸ். நீங்க இனிமே இங்க வராதீங்க ஆன்ட்டி. பெருநாளுக்கும் வராதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். வாசல்வரை கூட வந்தாள். நான் செருப்பு மாட்டும்வரை நின்று, பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னபடி நான் வரவில்லை. இரண்டு பெருநாள் போய்விட்டது. உன் அடக்கத்தலம் அந்த ஊரில்தான் இருக்கிறது என்பதால் அங்கேயும் வரவில்லை. அவள் சொன்னதை மீறி உன்னிடம் வந்து நிற்பது இன்னொரு திருட்டு மாதிரி தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை அனுப்ப இடமில்லை என்பதும் தெரியும்.

நீ என்னைத் திட்டியிருந்தால் அதற்குப் பதில் சொல்லி, வாதாடி, எப்படியாவது என்னைக் கொஞ்சம் நியாயப்படுத்திக்கொண்டிருப்பேன். அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. நீ அதற்கு இடமே வைக்கவில்லை. மூன்று மணி நேரம் பயணம் செய்து களைத்து வீட்டுக்குப் போன அன்று, உன் மகளிடம் என்னைப் பற்றி நீ சொன்ன கடைசி வார்த்தை 'பாவம்'. அறிக்கை எழுதும்போது, விசாரணைக்கு ஆளைக் கூப்பிடும்போது, எதிரில் உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கும்போது, அந்த வார்த்தையை உன் குரலில் கேட்கிறேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.